இம்பால், கோஹிமா 1944: இந்தியாவின் மீதான ஜப்பானியப் படையெடுப்பு ஏன் தோற்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் இந்திய மண்ணில் நடந்த மிகப் பெரிய தரைப்போர் மணிப்பூரிலும் நாகா மலைகளிலும் 1944 மார்ச் முதல் ஜூலை வரை நடந்தது. அப்போர் நம் பள்ளிப் பாடங்களில் ஓரிரு வரிகளுக்குள் முடிந்துவிடுவதால், அதைப் பற்றி அரைகுறையான செய்திகளே பலரிடம் தங்கியிருக்கின்றன. மழை பெய்ததால் ஜப்பான் தோற்றது என்பார் ஒருவர். இன்னும் சில நாட்கள் கிடைத்திருந்தால் டெல்லி வரை வந்திருப்பார்கள் என்பார் மற்றொருவர். அத்தகைய கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதப்பட்டுள்ளது.

இந்தப் படையெடுப்பு எப்போது, எங்கிருந்து, எங்கு நோக்கி நடந்தது?

1942-இல் பர்மாவைக் கைப்பற்றியிருந்த ஜப்பானிய ராணுவம், இரண்டு ஆண்டுகள் கழித்து, தன் 15-வது சேனையைச் சின்ட்வின் ஆற்றைக் கடந்து மேற்கே அனுப்பியது. இந்நடவடிக்கைக்கு ‘ஊ-கோ’ என்பது குறியீட்டுப் பெயர். தெற்கே 33-வது டிவிஷன் 1944 மார்ச் 8-ஆம் தேதி வாக்கில் நகரத் தொடங்கியது; ஒரு வாரம் கழித்து, மார்ச் 15-ஆம் தேதி இரவு, 15-வது டிவிஷனும் 31-வது டிவிஷனும் ஆற்றைக் கடந்தன. முதலிரண்டு டிவிஷன்களுக்கும் இலக்கு இம்பால். 31-வது டிவிஷனுக்கு இலக்கு, இம்பாலிலிருந்து வடக்கே சுமார் 135 கிலோமீட்டர் தொலைவில் மலைமுகட்டில் அமைந்திருந்த கோஹிமா. மொத்தம் ஏறத்தாழ 85,000 ஜப்பானிய வீரர்களும், அவர்களுடன் இந்திய தேசிய ராணுவத்தின் சில ஆயிரம் வீரர்களும் இதில் ஈடுபட்டனர்.

டெல்லியைப் பிடிப்பதுதான் நோக்கமா?

டோக்கியோ 1944 ஜனவரி 7-ஆம் தேதி இத்திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கியபோது அதில் டெல்லி இல்லை. பர்மாவை மீட்க பிரிட்டிஷார் இம்பாலில்தான் படைகளையும் பண்டங்களையும் குவித்துக்கொண்டிருந்தனர். ஆகவே இம்பாலை முந்திக்கொண்டு பிடித்துவிட்டால், எல்லை மலைகளையே அரணாகக் கொண்டு பர்மாவைக் காத்துக்கொள்ளலாம் என்பதே மேலிடத்தின் கணக்கு. அசாமின் இரயில் பாதையை அச்சுறுத்தி, அங்கிருந்து சீனாவுக்குப் போகும் உதவியைத் தடுப்பதும் உடன்வரும் பயனாகக் கருதப்பட்டது. 15-வது சேனையின் தளபதி முதாகுச்சி ரென்யாவின் மனத்தில் இருந்ததோ இதைவிடப் பெரியது. அசாம் வீழ்ந்தால் வங்காளம் கொந்தளிக்கும், இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியே ஆட்டங்காணும் என்று அவர் நம்பினார். மேலிடம் தற்காப்பு நடவடிக்கை என்று ஒப்புதல் கொடுத்ததைக் களத் தளபதி பேரரசின் தலைவிதியை மாற்றும் படையெடுப்பாக எண்ணி நடத்தினார் என்பது இப்போரின் தொடக்கத்திலேயே இருந்த பிளவு. அது கடைசிவரை சரிசெய்யப்படவில்லை.

முதாகுச்சிக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது?

வியப்பான செய்தி என்னவென்றால், 1942-இல் இந்தியாவின் மீது படையெடுக்கும் யோசனை முதன்முதலில் எழுந்தபோது, அப்போது 18-வது டிவிஷனின் தளபதியாக இருந்த முதாகுச்சியே அதை எதிர்த்தார். சாலையற்ற அந்த மலைக்காடுகளில் பெரிய படையை நடத்திச் செல்ல முடியாது என்பது அன்று அவர் சொன்ன காரணம். 1943 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அதிகாரி விங்கேட், சிண்டிட்கள் என்ற பெயர் பெற்ற சுமார் 3,000 பேருடன் அதே மலைகளைக் கடந்து பர்மாவுக்குள் ஊடுருவினார். அந்த ஊடுருவலால் பெரிய இராணுவப் பலன் எதுவும் விளையவில்லை. போனவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திரும்பவில்லை. ஆனால் எதிரியால் கடக்க முடிந்த மலையைத் தம் படையாலும் கடக்க முடியும் என்று முதாகுச்சி முடிவு செய்துவிட்டார்.

விங்கேட்டின் ஆட்கள் வானிலிருந்து போடப்பட்ட உணவை உண்டுதான் அங்கே உயிர் தரித்தார்கள் என்பதையும், ஜப்பானிடம் அதற்கான போக்குவரத்து விமானங்கள் இல்லை என்பதையும் அவர் எடைபோட்டுப் பார்க்கவில்லை. அதே நிகழ்விலிருந்து பிரிட்டிஷார் கற்றது வேறு: சாலை அறுந்துபோனாலும் வான்வழியாக ஒரு படையைப் போரிட வைக்க முடியும் என்பதை அவர்கள் கற்றார்கள்.

ஜப்பானியத் தரப்பில் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லையா?

தெரிவித்தார்கள். இந்தத் தோல்வியின் மிகத் துயரமான பகுதி அதுவே. முதாகுச்சியின் தலைமை அலுவலரான ஒபாட்டா போக்குவரத்துத் துறையில் தேர்ந்தவர். சின்ட்வினுக்கு அப்பால் ஒரு சேனைக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுபோய்ச் சேர்க்க இயலாது என்று அவர் சொன்னார். பதவியேற்ற சில வாரங்களிலேயே, 1943-இல், அவர் நீக்கப்பட்டார். சிங்கப்பூரிலிருந்த தென்திசைப் படைத் தலைமையகத்தின் துணைத் தலைமை அலுவலர் இனாதா இத்திட்டத்தை விடாப்பிடியாக எதிர்த்தார். அவரும் அவ்வாண்டே இடமாற்றப்பட்டார். மூன்று டிவிஷன் தளபதிகளும் வெவ்வேறு அளவில் ஐயம் கொண்டிருந்தார்கள். பர்மா பகுதிப் படையின் தளபதி கவாபே மசகாஸு, முதாகுச்சியைத் தடுக்கும் அதிகாரம் தம்மிடம் இருந்தும் தடுக்கவில்லை. இருவரும் 1937-இல் சீனப் போர் மூண்ட மார்க்கோ போலோ பாலத்தில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். கீழே உள்ளவரின் ஊக்கத்தைக் குலைக்கக் கூடாது என்ற தயக்கமும், பசிபிக் கடற்போர்களில் அடுக்கடுக்காகத் தோற்றுக்கொண்டிருந்த ஜப்பானியப் பிரதமர் டோஜோவின் அரசுக்கு எங்கேனும் ஒரு வெற்றி தேவைப்பட்டதும் சேர்ந்துகொண்டன. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக அறையைவிட்டு வெளியேற்றப்பட்ட பிறகு எஞ்சியவர்கள் எடுத்த முடிவு இது.

வீரர்களுக்கு உணவும் வெடிமருந்தும் எப்படிக் கிடைக்கும் என்று திட்டமிட்டார்கள்?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் தோல்வி முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு வீரரும் ஏறத்தாழ இருபது நாட்களுக்கான உணவைத் தோளிலும் சுமைவிலங்குகளிலும் கொண்டுசெல்ல வேண்டும். அந்த மூன்று வாரத்துக்குள் இம்பாலைப் பிடித்துவிட வேண்டும். அதன்பின் அங்கே பிரிட்டிஷார் குவித்து வைத்திருக்கும் அரிசியையும் மாவையும் எரிபொருளையும் கொண்டு படை பிழைத்துக்கொள்ள வேண்டும். இதுவே ஏற்பாடு. 1942-இல் மலாயாவிலும் பர்மாவிலும் இது உண்மையாகவே நடந்திருந்தது. ஜப்பானியர் பக்கவாட்டில் காட்டுக்குள் புகுந்து பின்னால் சாலையை மறித்ததும் பிரிட்டிஷ் படைகள் கிடங்குகளை விட்டுவிட்டு ஓடின. அந்தக் கிடங்குகள் ஜப்பானியருக்கு உணவளித்தன. எதிரி மறுபடியும் அப்படியே நடந்துகொள்வான் என்ற எதிர்பார்ப்பின் மேல் மூன்று டிவிஷன்களின் உயிர் வைக்கப்பட்டது. இம்பாலைக் கைப்பற்றுவது படையெடுப்பின் இலக்காக இருந்ததோடு, படை உணவு உண்பதற்கான நிபந்தனையாகவும் ஆகிவிட்டது. இலக்கு சற்றுத் தள்ளிப்போனாலும் பட்டினி தொடங்கிவிடும்.

சுமை தூக்கவும் பின்னர் இறைச்சிக்காகவும் பர்மிய உழவர்களிடமிருந்து ஆயிரக்கணக்கான மாடுகள் பிடித்துச் செல்லப்பட்டன. செங்கிஸ்கான் தன் படையை மந்தைகளோடு நடத்திச் சென்றதை முதாகுச்சி முன்மாதிரியாகக் காட்டினார். மங்கோலியப் புல்வெளியில் மேய்ந்துகொண்டே நடந்த விலங்குகளுக்கும், வயலில் ஏர் இழுத்துப் பழகிய பர்மிய மாடுகளுக்கும் உள்ள வேறுபாடு சின்ட்வின் கரையிலேயே தெரிந்துவிட்டது. பல ஆற்றைக் கடக்கையில் மூழ்கின. மீந்தவை செங்குத்தான மலைப்பாதைகளில், மேய்ச்சல் இல்லாமல், சுமையோடு சரிந்து விழுந்தன. சுமைகளில் ஒரு பகுதியும் அவற்றோடு போனது.

பின்னணியில் இருந்த வழித்தடமோ மிக நீண்டது. நேச நாட்டு நீர்மூழ்கிகளாலும் விமானங்களாலும் இரங்கூனுக்கான கடல்வழி ஆபத்தாகிவிட்டதால், சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா இரயில் பாதை வழியாகவே பெரும்பகுதிப் பண்டங்கள் வர வேண்டியிருந்தது. அங்கிருந்து மேல்பர்மாவுக்கு வந்தால், ஐராவதி ஆற்றின் மீதிருந்த ஆவா பாலத்தை 1942-இல் பின்வாங்கும்போதே பிரிட்டிஷார் தகர்த்திருந்தனர். அதன்பின் லாரிகள், அவற்றின்பின் கழுதைகள், கடைசியில் மனிதத் தோள்கள். போதிய லாரிகளும் இல்லை. இருந்தவற்றைப் பகலில் ஓட்டினால் வானிலிருந்து சுடப்பட்டன. வேகமாக நடப்பதற்காகக் கனரகப் பீரங்கிகளையும் வடக்கிலிருந்த இரு டிவிஷன்கள் பெரும்பாலும் விட்டுவிட்டே வந்தன. அரண் அமைத்து நிற்கும் எதிரியைத் தகர்க்க வேண்டிய வேளையில் அவர்களிடம் இருந்தவை மலைப் பீரங்கிகளும் குறைந்த குண்டுகளுமே.

படையெடுப்பு வரப்போவது பிரிட்டிஷாருக்கு முன்பே தெரியுமா?

தெரியும். 14-வது சேனையின் தளபதி வில்லியம் ஸ்லிம், முன்னேறிப்போய் சின்ட்வின் கரையில் போரிடுவதைவிட, தம் படைகளை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொண்டு, ஜப்பானியரை அவர்களது வழங்கல் வழித்தடத்தின் கடைசி நுனிவரை வரவிட்டு அடிப்பது என்று முடிவெடுத்திருந்தார். சமவெளியில் அவரிடம் பீரங்கிகளும் டாங்கிகளும் விமான தளங்களும் இருந்தன. எதிரிக்கோ முதுகுக்குப் பின்னால் மலையும் ஆறும் இருந்தன.

முடிவு சரியானது, நிறைவேற்றத்தில் பிழைகள் நேர்ந்தன. திட்டிம் பகுதியில் வெகுதூரம் முன்னே நின்றிருந்த 17-வது இந்திய டிவிஷனுக்குப் பின்வாங்கும் உத்தரவு மார்ச் 13-ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் ஜப்பானியர் அதன் பின்னால் சாலையை மறித்துவிட்டனர். அதை மீட்க இம்பாலின் சேமப் படையில் பெரும்பகுதி தெற்கே அனுப்பப்பட்டதால், வடகிழக்குப் பக்கம் ஏறக்குறைய திறந்து கிடந்தது. கோஹிமாவுக்கு அதிகம்போனால் ஒரு ரெஜிமென்ட்தான் வர முடியும் என்று ஸ்லிம் கணித்திருந்தார். வந்ததோ ஒரு முழு டிவிஷன். இரண்டும் தம் தவறுகளே என்று போருக்குப் பின் அவர் வெளிப்படையாக எழுதினார். படையெடுத்தவர்களுக்கு நல்வாய்ப்பே அமையவில்லை என்று யாராவது சொன்னால் இவற்றை நினைவில் கொள்ள வேண்டும். வாய்ப்புகள் அமைந்தன; அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் வலிமை வயிற்றிலும் பீரங்கியிலும் இல்லாமற்போயிற்று.

அரக்கானில் நடந்த போருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இம்பாலைத் தாக்குவதற்கு ஒரு மாதம் முன்பு, 1944 பிப்ரவரியில், பிரிட்டிஷ் சேமப் படைகளைத் திசைதிருப்பும் நோக்கத்தோடு ஜப்பானியர் அரக்கான் கடற்கரைப் பகுதியில் தாக்கினர். சின்ஸ்வேயா என்னுமிடத்தில் 7-வது இந்திய டிவிஷனின் நிர்வாக முகாம் சுற்றிவளைக்கப்பட்டது. எழுத்தர்களும் சமையற்காரர்களும் மருத்துவப் பணியாளர்களும்கூட அங்கே துப்பாக்கி ஏந்தினர். உணவும் குண்டுகளும் வானிலிருந்து இறங்கின, படை ஓடவில்லை. சுமார் மூன்று வாரத்தில் பட்டினி கிடந்து கலைந்தவர்கள் சுற்றிவளைத்தவர்களே.

மார்ச் மாதம் முதாகுச்சி செய்யவிருந்ததன் சிறிய ஒத்திகை இது. அதன் முடிவு அவர் கண்முன்னே இருந்தது. இருந்தும் திட்டத்தில் எதுவும் மாறவில்லை. திசைதிருப்பலும் பலிக்கவில்லை. மார்ச் 19 முதல், அரக்கானில் போரிட்டுக்கொண்டிருந்த 5-வது இந்திய டிவிஷனை, பீரங்கிகளோடும் கோவேறுகழுதைகளோடும் விமானங்களில் ஏற்றி இம்பாலுக்கும் திமாபூருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு களத்தில் போரிட்டுக்கொண்டிருந்த டிவிஷனை அப்படியே எடுத்து இன்னொரு களத்தில் வான்வழியாக இறக்கியது போர் வரலாற்றில் அதுவே முதல்முறை.

சாங்ஷாக்கில் என்ன நடந்தது?

உக்ருல் அருகேயுள்ள அந்த நாகா கிராமத்தில் 50-வது இந்தியப் பாராசூட் பிரிகேட், தண்ணீருக்கே வழியில்லாத நிலையில், ஜப்பானியரைச் சுமார் ஒரு வாரம் தடுத்து நிறுத்தியது. மார்ச் 26 இரவு எஞ்சியவர்கள் வெளியேறினர். பிரிகேட் சிதைந்துபோயிற்று, ஆனால் அந்த ஒரு வாரம் இருபது நாள் உணவோடு புறப்பட்டவர்களின் கணக்கிலிருந்து கழிந்தது. வெகுகாலம் இதற்குரிய மதிப்பு யாராலும் தரப்படவில்லை.

கோஹிமாவை ஏன் ஜப்பானியரால் பிடிக்க முடியவில்லை?

ஏப்ரல் 4-ஆம் தேதி 31-வது டிவிஷனின் முன்னணி அங்கு வந்துசேர்ந்தபோது, முகட்டில் இருந்தவர்கள் சுமார் 2,500 பேர்; அவர்களிலும் கணிசமானோர் போரிடாத பணியாளர்கள். ராயல் வெஸ்ட் கென்ட் படையின் ஒரு பட்டாலியன், அசாம் ரெஜிமென்ட், அசாம் ரைஃபிள்ஸ் வீரர்கள், மலைப் பீரங்கிப் படையினர் ஆகியோர் அதில் அடங்குவர். அசாம் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் அதற்கு முன்பே ஜெஸ்ஸாமியிலும் கராசோமிலும் நின்று எதிரியைத் தாமதப்படுத்திவிட்டு வந்திருந்தது. தண்ணீர் ஊற்றுகள் பறிபோயின. காயமுற்றவர்கள் திறந்த அகழிகளில் மீண்டும் மீண்டும் காயமுற்றனர். துணை ஆணையரின் பங்களாவை ஒட்டிய டென்னிஸ் மைதானத்தின் இரு ஓரங்களிலும் இரு தரப்பினரும் கையெறிகுண்டு வீச்சுத் தூரத்தில் அகழி வெட்டிக்கொண்டு வாரக்கணக்கில் போரிட்டார்கள்.

மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஜோட்சோமாவில் நின்ற 161-வது இந்திய பிரிகேடின் பீரங்கிகள் முகட்டைச் சுற்றிக் குண்டுமழை பொழிந்தன. அவை இல்லாவிட்டால் முகட்டிலிருந்தவர்கள் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 18-ஆம் தேதி உதவிப்படை உள்ளே நுழைந்தது. அதன்பின் நிலைமை தலைகீழாயிற்று: ஜப்பானியர் முகட்டில் பதுங்குகுழிகளை அமைத்துத் தற்காக்க, பிரிட்டிஷ் 2-வது டிவிஷனும் இந்தியப் படைகளும் ஒவ்வொரு குன்றாக மீட்டன. டென்னிஸ் மைதானம் மே 13-ஆம் தேதிதான் மீண்டது. ஜப்பானிய வீரர்கள் அங்கே காட்டிய உறுதியை அவர்களை எதிர்த்தவர்களே வியந்திருக்கிறார்கள். அந்த வீரர்களின் தளர்ச்சியால் இப்படையெடுப்பு தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது.

கோஹிமாவை விட்டுவிட்டு நேராகத் திமாபூருக்குப் போயிருந்தால்?

இது நியாயமான கேள்வி. கோஹிமாவிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருந்த திமாபூர் இரயில் நிலையத்தில் பிரிட்டிஷாரின் மாபெரும் கிடங்கு, ஏறத்தாழ பதினேழு கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் அதைக் காக்கப் போதிய படை இல்லை. 31-வது டிவிஷனின் தளபதி சாத்தோ, தம் படையில் ஒரு பகுதியைக் கோஹிமாவில் நிறுத்திவிட்டு மற்றதைத் திமாபூருக்கு அனுப்பிவிடுவாரோ என்பதே தம் பெரும் அச்சம் என்று ஸ்லிம் பின்னர் சொன்னார். முதாகுச்சியும் அதையே விரும்பினார். கவாபே, அது ஒப்புதல் பெற்ற திட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று தடுத்துவிட்டார். தம் வீரர்கள் பட்டினியில் விடப்படுவார்கள் என்று தொடக்கம் முதலே அஞ்சிய சாத்தோவுக்கும் அதில் நாட்டமில்லை.

திமாபூர் விழுந்திருந்தால் போர் நெடுநாள் நீடித்திருக்கும், ஜப்பானியர் சில மாதங்கள் உண்டும் இருப்பார்கள் என்று நான் எண்ணுகிறேன். இந்தியாவுக்குள் மேலும் முன்னேறியிருப்பார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. வானம் எதிரியின் கையில் இருந்தது. ஜப்பானியரின் பின்னால் அனுப்புவதற்குப் புதிய படை எதுவும் இல்லை.

முற்றுகையிடப்பட்ட இம்பால் எப்படிப் பிழைத்தது?

மார்ச் மாத இறுதியில் கோஹிமா சாலை அறுந்ததும், இம்பால் சமவெளியில் சுமார் 1,55,000 பேரும் 11,000 விலங்குகளும் அடைபட்டனர். அவர்களுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மாவு, தீவனம், குண்டுகள், பெட்ரோல் அனைத்தும் வானிலிருந்தே வர வேண்டியிருந்தது. தென்கிழக்காசிய நேச நாட்டுத் தலைமையகத்தின் தலைவர் மவுண்ட்பேட்டன் சீனாவுக்கு இமயத்தைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானங்களில் சிலவற்றை இங்கே திருப்பிவிட்டார். ஏப்ரல் 18 முதல் ஜூன் 30 வரை மட்டும் ஏறத்தாழ 19,000 டன் பண்டங்களும் 12,000-க்கும் மேற்பட்ட வீரர்களும் உள்ளே வந்தனர். சுமார் 13,000 காயமுற்றோரும் நோயாளிகளும் 43,000 போரிடாதவர்களும் வெளியே கொண்டுசெல்லப்பட்டனர். வாயைக் குறைத்து உணவை நீட்டித்த அந்த ஏற்பாடு, குண்டுகளைப் போலவே பயன்தந்தது.

நோயையும் அவர்கள் எதிரியாகவே நடத்தினார்கள். 1943-இல் காயமுற்று அகற்றப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயால் அகற்றப்பட்டதாக ஸ்லிம் குறித்திருக்கிறார். அதன்பின் மலேரியா தடுப்பு மாத்திரையான மெபக்ரின் விழுங்குவதை அதிகாரிகளே நேரில் கண்காணிக்கும்படி ஆக்கினார். மாத்திரை உண்ணாத படையினரின் தளபதிகளைப் பதவியிலிருந்தே நீக்கினார். அதே மலைகளில் ஜப்பானிய வீரர்கள் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் மருந்தின்றிச் சரிந்தார்கள்.

களத்தில் திருப்புமுனையாக ஒன்றைச் சொல்வதென்றால் ஏப்ரல் 13-ஆம் தேதி நுங்ஷிகும் குன்றில் நடந்த போரைச் சொல்லலாம். இம்பால் விமான தளத்தை நோக்கியிருந்த அந்த உச்சியை 15-வது டிவிஷன் பிடித்திருந்தது. டோக்ரா காலாட்படையினரோடு டாங்கிகள் அந்தச் செங்குத்துச் சரிவில் ஏறின. டாங்கி அங்கே ஏறும் என்று ஜப்பானியர் எண்ணியதே இல்லை, அவற்றைத் தகர்க்கும் ஆயுதமும் அவர்களிடம் போதவில்லை. இம்பாலுக்கு அவ்வளவு அருகே அவர்கள் பிறகு வரவேயில்லை.

மழைதான் ஜப்பானியரைத் தோற்கடித்தது என்கிறார்களே?

மே மாதத்தில் பருவமழை இறங்கியபோது போரின் போக்கு முடிவாகிவிட்டிருந்தது. இருபது நாள் உணவு ஏப்ரல் முதல் வாரத்திலேயே தீர்ந்திருந்தது. பேரரசரின் பிறந்த நாளான ஏப்ரல் 29-க்குள் இம்பால் விழும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்திருந்தது. அதற்குமுன் முடித்துவிடலாம் என்று பந்தயம் கட்டியவர்கள் மழையைக் குறை சொல்ல முடியாது; அந்த மலைகளில் மழை எப்போது வரும் என்பது யாவரும் அறிந்தது. மழை செய்தது தோல்வியைப் பேரழிவாக்கியது: பாதைகள் சேறாகின, ஓடைகள் ஆறாகின, பின்வாங்கியவர்களால் நடக்க முடியவில்லை.

அப்படியானால் ஏன் முன்னமே நிறுத்தவில்லை?

33-வது டிவிஷனின் தளபதி யனாகிதா மார்ச் மாத இறுதியிலேயே, இம்பாலைக் குறித்த காலத்தில் பிடிக்க முடியாது, நடவடிக்கையை நிறுத்திவிடலாம் என்று தந்தி அனுப்பினார். அவர் நீக்கப்பட்டார். 15-வது டிவிஷனின் யமாவுச்சி நோயுற்ற நிலையில் நீக்கப்பட்டு, சில வாரங்களில் இறந்தார். கோஹிமாவில் சாத்தோ, வாக்களிக்கப்பட்ட உணவும் குண்டுகளும் வந்துசேராததைப் பலமுறை தெரிவித்துவிட்டு, மே மாத இறுதியில் உத்தரவை மீறித் தம் படையைப் பின்வாங்கச் செய்தார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி அவ்வாறு செய்தது கேள்விப்படாத செயல். இராணுவ நீதிமன்றத்தில் நின்று மேலதிகாரிகளின் குற்றத்தை எடுத்துரைக்க அவர் விரும்பினார். அதற்கு இடம் தராமல் மனநிலை பாதிக்கப்பட்டவர் என்று மருத்துவர்களைக் கொண்டு சொல்லவைத்து ஒதுக்கிவிட்டார்கள். ஒரே நடவடிக்கையில் மூன்று டிவிஷன் தளபதிகளும் நீக்கப்பட்டனர்.

ஜூன் 6-ஆம் தேதி கவாபேயும் முதாகுச்சியும் சந்தித்தனர். படையெடுப்பு தோற்றுவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். பின்வாங்கலாம் என்ற சொல் தம் தொண்டைவரை வந்தும் சொல்ல முடியவில்லை, தம் முகத்தைப் பார்த்துக் கவாபே புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்ததாக முதாகுச்சி பிற்காலத்தில் கூறினார். அந்த மௌனத்துக்குப் பிறகு, ஜூலை தொடக்கத்தில் நடவடிக்கை கைவிடப்படும்வரை, ஒரு மாதம் ஆயிரக்கணக்கானோர் பட்டினியில் போரிட்டுச் செத்தார்கள். இந்தப் போர் பற்றிய செய்திகளில் மன்னிக்க இயலாதது எது என்று என்னைக் கேட்டால் இந்தச் சந்திப்பையே சுட்டுவேன்.

இந்திய தேசிய ராணுவத்தின் பங்கு என்ன?

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 அக்டோபர் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்து, 1944 ஜனவரியில் தலைமையிடத்தை இரங்கூனுக்கு மாற்றினார். இந்திய மண்ணில் கால்வைத்தால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் வீரர்கள் தம் பக்கம் வருவார்கள் என்று அவர் நம்பினார். ஏப்ரல் 14-ஆம் தேதி மணிப்பூரின் மொய்ராங்கில் ஷௌகத் மாலிக் தலைமையிலான பிரிவு மூவண்ணக் கொடியை ஏற்றியது. ஷா நவாஸ் கான் தலைமையிலான சுபாஷ் பிரிகேட், சின் மலைகளில் காவல் பணிக்கே பெரிதும் பயன்படுத்தப்பட்டது. காந்தி பிரிகேட் பலேல் விமான தளத்தைத் தாக்க முயன்றது. ஜப்பானியத் தளபதிகள் அவர்களைத் துணைப்படையாகவே நடத்தினர். கனரக ஆயுதங்களோ போதிய உணவோ மருந்தோ தரவில்லை. போஸ் எதிர்பார்த்த அளவில் எதிர்த்தரப்பு இந்திய வீரர்கள் மாறி வரவுமில்லை. அவ்வீரர்களின் நோக்கம் உயர்ந்தது. அவர்கள் இணைந்துகொண்ட படையெடுப்போ, தன் சொந்த வீரர்களுக்கே உணவளிக்கத் திட்டமிடாதது. குண்டுகளைவிடப் பசியும் மலேரியாவும் அவர்களில் அதிகம் பேரைக் கொன்றன.

தமிழர்களுக்கு இப்போரோடு நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாவிலிருந்து சேர்ந்த பொதுமக்களில் பெரும்பாலோர் தமிழர். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணி ரெஜிமென்டில் இரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். அந்த ரெஜிமென்ட் பர்மாவரை வந்தது. இம்பால் களத்துக்கு அனுப்பப்படவில்லை. அதைவிடப் பெருந்துயரம் இரயில் பாதை. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குப் பண்டம் கொண்டுபோக 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்டு 1943 அக்டோபரில் முடிந்த சயாம்–பர்மா பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏய்த்தும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். போர்க்கைதிகளின் கல்லறைகள் பராமரிக்கப்படுகின்றன; அந்தத் தமிழர்களின் பெயர்கள்கூட முழுமையாகப் பதிவாகவில்லை. இந்தப் படையெடுப்பின் இறந்தோர் கணக்கில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாகா, மெய்தெய், குகி மக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்?

ஒரே விடை இல்லை. நாகா மக்களில் மிகப் பலர் பிரிட்டிஷாருக்கு வழிகாட்டினர், ஒற்றறிந்தனர், காயமுற்றோரைத் தூளியில் சுமந்து மலையிறக்கினர். சிலர் ஜப்பானியரோடும் இந்திய தேசிய ராணுவத்தோடும் நின்றனர். மெய்தெய், குகி மக்களிடையேயும் அவ்வாறே பிரிவு இருந்தது. தொடக்கத்தில் நட்பாக வந்த ஜப்பானியர், பசி முற்ற முற்றக் கிராமங்களின் நெல்லையும் கால்நடைகளையும் எடுத்துக்கொண்டதால், அரைகுறையான ஆதரவும் கரைந்தது. யாருடைய போர் என்று கேட்கப்படாமலேயே ஊர்களையும் வயல்களையும் இழந்தவர்கள் இவர்கள்தாம்.

இழப்பு எவ்வளவு? அதன்பின் என்ன ஆயிற்று?

ஜூன் 22-ஆம் தேதி கோஹிமாவிலிருந்து தெற்கே வந்த பிரிட்டிஷ் 2-வது டிவிஷனும் இம்பாலிலிருந்து வடக்கே வந்த 5-வது இந்திய டிவிஷனும் 109-வது மைல்கல் அருகே சந்தித்தன, சாலை திறந்தது. படையெடுத்த ஜப்பானியரில் 50,000-க்கும் மேற்பட்டோர் இழக்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இறந்தவர்கள், பெரும்பகுதி பட்டினியாலும் நோயாலும். சின்ட்வினை நோக்கிப் பின்வாங்கிய பாதையை ஜப்பானியரே ‘வெள்ளெலும்புச் சாலை’ என்று அழைத்தனர். பிரிட்டிஷ், இந்தியத் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக இம்பாலில் சுமார் 12,500, கோஹிமாவில் சுமார் 4,000 பேர்.

முதாகுச்சியும் கவாபேயும் அவ்வாண்டிலேயே பதவி நீக்கப்பட்டனர். பர்மாவைக் காப்பதற்காகத் தொடங்கிய படையெடுப்பில் பர்மாவைக் காக்கும் படையே அழிந்துவிட்டிருந்தது. ஸ்லிமின் 14-வது சேனை 1945 தொடக்கத்தில் ஐராவதியைக் கடந்து, மார்ச்சில் மெய்க்திலாவையும் மாண்டலேயையும் கைப்பற்றியது. மே மாதத் தொடக்கத்தில், அவ்வாண்டுப் பருவமழை முற்றிலும் இறங்குமுன், இரங்கூன் மீட்கப்பட்டது. அந்தச் சேனையின் வீரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவ்வாண்டு நவம்பரில், அவர்களை எதிர்த்து நின்ற இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், தில்லான் மூவரும் டெல்லி செங்கோட்டையில் விசாரணைக்கு நிறுத்தப்பட்டபோது, நாடே அவர்கள் பக்கம் எழுந்தது.